மே மாதத்துக்கு ஆறு புத்தகம்

மாவட்ட அலுவலகத்துச் சுற்றறிக்கை ஒரு பக்கம்தான்:
‘கோடை’ என்ற பொருளில் ஆறு புத்தகம் தேர்ந்து
சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டி
வீட்டுக்கும் கொடுத்தனுப்ப வேண்டியது.
கோடை என்றால் என்ன என்று அதில் இல்லை.
செல்லூர்க் கிளை நூலகத்தின் கூரை ஆஸ்பெஸ்டாஸ்;
கேட்கும் அவசியமும் இல்லை.

சிறுவர் அலமாரி முன் உட்கார்ந்தேன்,
தலைப்பால் கழுத்தைத் துடைத்துத் துடைத்து.
முதலில் கைக்கு வந்ததில் சூரியன் சிரித்தான்.
கன்னத்தில் குழி வேறு.
கீழே கடற்கரை, சிவப்பு வாளி,
வெயில் வந்துவிட்டதென்று கைதட்டும் பிள்ளைகள்.
அவர்கள் ஊர் வெயில் எங்கோ போயிருந்து வந்திருக்கிறது.
எங்களுடையது
போனால்தானே வருவதற்கு.
திரும்பச் செருகினேன்.

அடுத்தது மலைக்குப் போகும் குடும்பம்.
கார் ஜன்னலில் நாய்க்குட்டியின் காது பறக்கிறது.
படிக்கும்போதே கோபம் வந்தது,
யார் மேல் என்று தெரியவில்லை.
மாந்தோப்புக் கதை நன்றாகத்தான் இருந்தது,
கடைசி எட்டுப் பக்கம் கரையானுக்குப் போயிருந்தது.
முடிவை அவர்களே சொல்லட்டும் என்று எடுத்து வைத்தேன்.
நிழலை அளக்கச் சொல்லும் அறிவியல் புத்தகம், சரி.
ஒட்டகம், சரி.
ஐஸ் வண்டிக்காரர் மணியைத் தொலைத்த கதை,
இரண்டு முறை படித்தேன்.
அப்புறம் ஓர் ஆறு: நடுப்பக்கம் இரண்டும் சேர்ந்து ஒரே நீலம்,
கரையிலிருந்து குதிக்கும் ஐந்து பேர்,
அவர்கள் பாதத்துக்கும் தண்ணீருக்கும்
இன்னும் ஒரு சாண்.

முதல் சனிக்கிழமை, பதினொரு மணிக்குக் கரண்ட் போனது.
தெருவின் விசைத்தறிகள் ஒரே மூச்சில் நின்றன.
நான் வாய் திறக்குமுன்
பதினேழு பிள்ளைகளும் வேறொரு தேர்வு நடத்தி முடித்திருந்தார்கள்:
எந்த அட்டையில் காத்து வரும்?
நிழல் புத்தகம் வளைந்தது. ஒட்டகம் பரவாயில்லை.
பாண்டீஸ்வரி எழுந்துபோய்
அடித்தட்டிலிருந்து ஒரு பனிக்கரடியை இழுத்து வந்தாள்.
கெட்டி அட்டை, முறத்து அகலம்.
“இதுதான்க்கா கோடைப் புத்தகம்”
என் முகத்துக்கு நேரே நாலு வீச்சு.
மறுத்துப் பேச முடியவில்லை.
பதிவேட்டில் ஆறாவதாகக் கரடி ஏறியது.
பொருள் என்ற கட்டத்தில் ‘காற்று’ என்று எழுதி,
அடித்து,
‘கோடை’ என்று எழுதினேன்.

ஆற்றைத் திறந்ததும் மொத்த அறையும் முன்னால் நகர்ந்தது.
தறிக்காரர் மகன் லோகித்
நீலத்தில் விரலை வைத்து எடுத்தான்,
விரலைப் பார்த்தான்.
“அக்கா, இது எந்தச் சாமி எறங்குற அன்னைக்கு?”

பாலத்தடியில் ஸ்டம்ப் நடுகிறவன் அவன்.
அணை திறந்து, அழகர் இறங்கி,
தண்ணீர் வந்துபோன நாலு நாள் தவிர
வைகை அவனுக்கு மைதானம்.
“சும்மா ஒரு நாள்” என்றேன்.
“சாமி இல்லாமயா?”
“சாமி இல்லாமல்தான்.”
ஷிஃபானா பக்கத்திலிருந்தவளைப் பார்த்தாள்,
நான் அளக்கிறேன் என்பதுபோல.
குதிக்கிறவர்களை யாரும் பார்க்கவில்லை.

அன்று அந்தப் புத்தகம் ஷிஃபானாவோடு போனது.

மே முப்பத்தொன்று காலை,
நூலகத்துக்குப் போகும் வழியில் லாரித் தண்ணீர் வரிசை.
பச்சைக் குடம், ஆரஞ்சுக் குடம், மூக்கு உடைந்த ஒன்று,
அதன் பின்னால் தரையில்,
பறக்காமலிருக்க ஒரு செங்கல் ஏற்றி,
நடுப்பக்கம் விரிந்து கிடந்தது நூலகத்துச் சொத்து.
ஓடி வந்தாள்.
“எங்க வீட்டுல மூணு குடம்தான்க்கா.
நாலாவது எடத்துக்கு இத வெச்சேன்.
அம்மா எரவலுக்குக் கொடம் கேக்கப் போயிருக்கு.
யாருமே நகத்தல, பாத்தீங்களா?”

அபராதம், அட்டை, நூலக விதி,
எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன.
பின்னால் நின்ற ஒருத்தி
தன் குடத்தை இழுத்து, புத்தகத்தைத் தொடாமல்,
இரண்டு விரற்கடை தள்ளி வைத்தாள்.

பத்தரைக்கு அலுவலகத்திலிருந்து போன்:
“கணக்கு முடிக்கணும் மேடம். ஆறும் வந்துருச்சா?”

“ஐந்து வந்துவிட்டது சார்” என்றேன்.
“ஆறு வரிசையில் நிற்கிறது.”